1,44,000 பேரில் நான் இல்லையா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. காபி எஸ்டேட் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கணவருக்குச் சேலத்தில் வேலை. தினமும் மலை இறங்கி ஏறுகிறார். ஒன்பது வயதில் ஒரு மகள். வாசகி சிறுமியாக இருந்தபோது, அப்பாவின் குடியால் வீடு ஆட்டம் கண்டிருந்த சமயத்தில், அவருடைய அம்மா யெகோவாவின் சாட்சிகளோடு பைபிள் படிக்க ஆரம்பித்துச் சபையில் சேர்ந்தார். வாசகி 16 வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். கணவரும் அதே சபைதான், சபையை வழிநடத்தும் மூப்பர்களுக்குக் கைகொடுக்கும் உதவி ஊழியராக இருக்கிறார்.

ஆரம்பித்து வைத்தது மகள். பரலோகத்துக்குப் போகிறவர்கள் 1,44,000 பேர்தான் என்று பாடத்தில் வந்ததும், "ஏம்மா, நம்ம சேலம் டவுன்லயே அதைவிட ஜாஸ்தி பேர் இருக்காங்களே, உலகம் பூராவுக்கும் அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள். (கணக்கு சரிதான். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல்.) வாசகியிடம் பதில் இல்லை. அதற்கப்புறம், இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் நினைவு நாள் கூட்டம் வந்தது. பரலோக அழைப்பு தமக்கு உண்டு என்று நம்புகிறவர்கள் மட்டும்தான் அதில் அப்பம் எடுப்பார்கள். அப்பத் தட்டு கைமாறி வந்தபோது, வழக்கம்போல வாங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. "எனக்கும் ஒரு துண்டு எடுக்க வேண்டும்போல இருந்தது. ஏன் எனக்குக் கூடாது? யார் முடிவு செய்தார்கள்?" என்று எழுதுகிறார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிவரை, சபையை விட்டு வெளியேறியவர்களின் வீடியோக்களைப் பார்க்கிறார். விடிந்தால் குற்ற உணர்ச்சி. அம்மாவிடம் லேசாகப் பேச்செடுத்தபோது, "இதெல்லாம் சாத்தான் போடுற விதை கண்ணு" என்று வாயை அடைத்துவிட்டாராம்.

சந்தேகப்படுவதே பாவமா, வாய் திறந்தால் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாரா, கணவர் விவாகரத்து வாங்கிவிட முடியுமா, மகள் யாரிடம் போவாள், அம்மாபேட்டையில் அம்மா பேரில் இருக்கும் வீட்டில் என் பங்கு போய்விடுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரே வரியில், கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், சபைப் போதனைப்படி ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று கையெழுத்திட்ட அட்டை கைப்பையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் மனநல ஆலோசகர். வேத பண்டிதர் இல்லை, எந்தச் சபைக்கும் ஆள் சேர்க்கிறவளும் இல்லை. உங்களை உள்ளே இருக்கச் சொல்லவோ வெளியே வரச் சொல்லவோ இந்தப் பதிலை எழுதவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த எண்ணைப் பற்றிச் சபை சொல்வது சரியா என்பது ஒன்று. என் மனிதர்களோடு நான் எப்படி இருக்கப் போகிறேன் என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை கிடைத்த அன்றைக்கே இரண்டாவதையும் முடிவு செய்தாக வேண்டும் என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கெடுவை வேறு யாரும் வைக்கவில்லை. ஒரு நம்பிக்கையை யோசித்துப் பார்க்க வருடக்கணக்கில்கூட நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அப்படிக் காத்திருக்க முடியாது. அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

கைப்பையில் இருக்கும் அட்டை

கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் அதிக ரத்தப்போக்கு என்கிறீர்கள். அப்படியானால் ரத்த சோகை இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம் எந்த மருத்துவரும் ரத்தத்தைப் பற்றிக் கேட்பார். நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான். இன்றைய மனசோடு மறுபடி கையெழுத்திடுவீர்களா என்று அதை எடுத்து வைத்துப் பாருங்கள். இடுவேன் என்றால் சரி, அது உங்கள் உரிமை, மருத்துவர்கள் அதை மதித்தாக வேண்டும். இட மாட்டேன் என்றால் அட்டையைக் கிழித்துப் போட்டால் மட்டும் போதாது. அதன் நகல் கணவரிடமோ, முன்பு பார்த்த மருத்துவமனைக் கோப்பிலோ இருக்கலாம். மருத்துவரைத் தனியாகப் பார்த்து உங்கள் முடிவைச் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் எழுத வையுங்கள். "இதை நான் மட்டும் பேச வேண்டும்" என்று சொன்னால் கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்வார்கள். நீங்கள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம்.

இதில் ஓர் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனமறிந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு அதற்காக வருந்தாதவர், தானாகவே சபையை விட்டு விலகிவிட்டதாகத்தான் கருதப்படுவார். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இடைப்பட்ட வழிகளும் உண்டு. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா இந்த நான்கையும்தான் சபை விலக்கச் சொல்கிறது. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் சிறு கூறுகளையும், அறுவையின்போது சிந்தும் சொந்த ரத்தத்தைச் சுத்தம் செய்து உடனே திருப்பி ஏற்றும் முறையையும் அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறது. இதெல்லாம் எந்த மருத்துவமனையில் முடியும், அதற்கு முன்னால் இரும்புச்சத்து கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்ள அவகாசம் இருக்கிறதா, மருந்தாலேயே கட்டியைச் சமாளிக்க வழி உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் விசுவாசமும் இல்லை, துரோகமும் இல்லை.

அந்த எண்

இப்போது உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர், "1,44,000 பேருக்குத்தான் மோட்சம், மிச்சப் பேர் எல்லாம் நரகம்னு சொல்ற கூட்டம்" என்று கேலி செய்ததாகவும், அதற்குப் பதில் சொல்ல முடியாமல் கூனிக் குறுகியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது தப்பு. சாட்சிகள் எரிநரகத்தையே நம்புவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். கிறிஸ்துவோடு பரலோகத்தில் ஆட்சி செய்யப் போகிறவர்களுக்கு அந்த எண். மற்றவர்களுக்குப் பூஞ்சோலையான பூமியில் முடிவில்லாத வாழ்க்கை. இதுதான் சபை சொல்வது. நீங்கள் ஆண்டவரால் கைவிடப்பட்டவர் என்று உங்கள் சபைகூடச் சொல்லவில்லை. கேலி செய்தவர் போட்ட பயத்தைச் சபை போட்டதாக நினைத்து நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் உண்மையான வலி நரக பயம் இல்லை என்று நினைக்கிறேன். "என்னை ஏன் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள்" என்பதுதான். அது நியாயமான கேள்வி. அதைக் கேட்க உங்களுக்கு உதவும் சில விஷயங்கள் உண்டு.

அந்தப் போதனை ஒரே வடிவத்தில் இருந்து வந்ததல்ல. இந்த இயக்கத்தைத் தொடங்கிய சார்லஸ் டேஸ் ரசலின் காலத்தில், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்துதலின் 7-ஆம் அதிகாரத்தில் 1,44,000 பேருக்கு அடுத்து வரும் திரள் கூட்டமும் பரலோகத்துக்குப் போகிறவர்கள்தான், ஆனால் ஒரு படி கீழே இருப்பவர்கள் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். 1935 மே மாதம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில், அப்போதைய தலைவர் ஜே. எஃப். ரதர்ஃபோர்டு, அந்தத் திரள் கூட்டத்தார் பூமியில் வாழப்போகிறவர்கள் என்று விளக்கினார். பரலோக அழைப்பு ஏறக்குறைய அந்த வருடத்தோடு முடிந்தது என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. 2007-இல் சபையின் காவற்கோபுரம் பத்திரிகையே அப்படி ஒரு வருடத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது என்று எழுதியது. நினைவு நாளில் அப்பமும் திராட்சமதுவும் எடுத்துக்கொள்கிறவர்கள் 2005 வாக்கில் உலகம் முழுக்க ஒன்பதாயிரத்துக்கும் கீழே இருந்தார்கள். கடைசிப் பேர் வயதாகி இறக்க இறக்க அது குறைந்துகொண்டே போகும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். சமீப வருடங்களில் அது இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சிலர் முன்பிருந்த மத நம்பிக்கையாலோ மனக் குழப்பத்தாலோ எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது அமைப்பின் பதில். அந்தப் பதில் உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமைப்பே தன் புரிதலை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி நீங்கள் யோசிப்பதைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

இனி வசனத்துக்கு வருவோம். 7-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு கோத்திரம், ஒவ்வொன்றிலும் 12,000 பேர். கோத்திரங்களை நிஜமான யூதக் கோத்திரங்களாக எடுக்கக் கூடாது, ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் நிஜமான எண்ணாக எடுக்க வேண்டும் என்பது உங்கள் சபை விளக்கம். உங்கள் மகள் பெரியவளானால் இதையும் கேட்பாள் என்று தோன்றுகிறது. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கிய எண், கடவுளின் மக்கள் அத்தனை பேரையும் குறிக்கும் அடையாளம் என்று வாசிக்கிற சபைகள் நிறைய. இந்தத் தரிசனத்தைக் கண்டு எழுதிய யோவான் முதலில் அந்த எண்ணைக் காதால் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் எண்ண முடியாத கூட்டம் கண்ணில் படுகிறது. இரண்டும் ஒரே கூட்டம்தான் என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. 5-ஆம் அதிகாரத்திலும் அவர் சிங்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு ஆட்டுக்குட்டியைத்தானே பார்க்கிறார் என்று அவர்கள் காட்டுவார்கள். இன்னும் சில சபைகள் அது கடைசிக் காலத்தில் விசுவாசிக்கும் யூதர்களின் நிஜமான எண்ணிக்கை என்கின்றன. ஆக, வெளியே போனால் எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீடியோக்களில் அடித்துப் பேசுகிறவர்களும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

"மூப்பர்கள் அனுமதி தராமல் நான் எடுக்க முடியாதே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு அனுமதி கிடையாது. ரோமர் 8:16-ஐக் காட்டி, அது அவரவருக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கும் விஷயம் என்றுதான் சபையே சொல்கிறது. எடுத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், காதோடு காது பேசுவார்கள் என்பது வேறு. முன்பு ஒருவர் எடுத்ததற்கு அவருக்கு மனநிலை சரியில்லை என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு துண்டு அப்பத்துக்கு ஏங்குவது மனநோய் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

சபையில் என்ன நடக்கலாம்

மனசுக்குள் சந்தேகம் இருப்பது, கூட்டத்துக்கும் வீடு வீடாகப் போகும் ஊழியத்துக்கும் போவதைக் குறைத்துக்கொள்வது, விலகுகிறேன் என்று கடிதம் கொடுப்பது, மூப்பர்கள் கூடி நீக்குவது ஆகிய நான்கையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். முதல் இரண்டுக்காக யாரும் உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று விதி இல்லை. புத்திமதி வரும், வீட்டுக்கு வந்து பேசுவார்கள். பிந்தைய இரண்டில்தான் நீங்கள் பயப்படுகிற ஒதுக்கல் வருகிறது. ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தும். எடுக்காத உங்கள் மகளுக்குப் பொருந்தாது. 2024-இல் இதில் கொஞ்சம் தளர்வு வந்தது: நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வணக்கம் சொல்லி வரவேற்கலாம். ஆனால் விசுவாச துரோகி என்று முத்திரை விழுந்தவருக்கு அந்தத் தளர்வும் இல்லை. அந்த முத்திரை பெரும்பாலும் விழுவது, சபைக்குள் மற்றவர்களையும் தன் பக்கம் இழுக்கிறார் என்று தோன்றும்போதுதான். எனவே என் ஆலோசனை நேரடியானது: நம்பிக்கையான ஒரு மூப்பரிடம் கேள்வியாகக் கேட்பது ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் பகிர்வது வேறு. இரண்டாவதைக் கோபத்தில் ஒரு ராத்திரி செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

சட்டம் சொல்வது

சட்ட விஷயங்களை வழக்கறிஞர் தோழி ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாலோ சபையை விட்டாலோ அது மட்டுமே விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. கிறிஸ்தவத் திருமணத்துக்குப் பொருந்தும் 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில், துணை வேறு மதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராக இல்லாமல் போவது ஒரு காரணமாக இருக்கிறது. நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் மத மாற்றமே காரணம் இல்லை. மகள் யாரிடம் இருப்பாள் என்ற வழக்கே வந்தாலும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். இருக்கும் வீட்டை விட்டு உங்களைத் துரத்த முடியாதபடி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 பாதுகாப்பு தருகிறது.

அம்மாவின் வீடு அவர் சம்பாதித்தது என்றால், உயிர் இருக்கும்வரை அவர் விருப்பம்தான். உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 மகன் மகள் என்று பிரிக்காது. நீங்கள் எந்தச் சபையில் இருக்கிறீர்கள் என்றும் கேட்காது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளத்துச் சாட்சிக் குழந்தைகள் மூவருக்கு, 1986-இல் உச்ச நீதிமன்றம் மனசாட்சிச் சுதந்திரம் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. உங்கள் கூட்டங்களில் பெருமையாகப் பேசியிருப்பார்கள். அதே அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, நம்புவதற்கு மட்டுமல்ல, நம்பாமல் போவதற்கும் உங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் அது அரசிடமிருந்து உங்களைக் காக்கும். அம்மாவைப் பேச வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அந்த இழப்பு வந்தால் அது நிஜமான இழப்புதான். அதைச் சின்னதாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை.

மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். போனில் என்றால் 15100.

வீட்டில் இருக்கும் மூவர்

அம்மாவிடம் வாதம் வேண்டாம். யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்தச் சபைப் பெண்கள். நீங்கள் 1,44,000-ஐக் கேள்வி கேட்டால் அவர் காதில் விழுவது, "அன்றைக்கு உன்னைக் காப்பாற்றியது பொய்" என்பதுதான். எண்ணைப் பற்றிப் பேசாமல் அந்த நாட்களைப் பற்றிப் பேசுங்கள். அவர்களுக்கு நீங்கள் பட்ட நன்றி உண்மை, உங்கள் சந்தேகமும் உண்மை. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை.

கணவர் வேறு. "நீ ஏன் இப்படி அமைதியாகிட்டே" என்று அவரே இரண்டு தடவை கேட்டிருக்கிறார். கேட்கிற மனுஷனிடம் பேசலாம். ஆனால் உதவி ஊழியர் என்பதால், நீங்கள் சொல்வதை மூப்பர்களிடம் சொல்ல வேண்டுமோ என்ற நெருக்கடி அவருக்கும் வரும். அதனால் முதல் பேச்சில் போதனையைத் தொடாதீர்கள். தூக்கம் வரவில்லை, தட்டு கைக்கு வந்தபோது அழுகை வந்தது, பயமாக இருக்கிறது என்று உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். "இதை நமக்குள் வைத்துக்கொள்ள முடியுமா" என்று கேளுங்கள். அவர் முகத்தில் தெரிகிற பதிலைப் பார்த்து அடுத்த பேச்சைத் தீர்மானிக்கலாம். ரத்தத்தைப் பற்றிய உங்கள் முடிவு மாறியிருந்தால், மருத்துவரிடம் சொல்லி எழுதி வைத்த பிறகு அவரிடம் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

மகள் கேள்வி கேட்டதற்கு அவளைப் பாராட்டியிருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போதும் பாராட்டலாம். "சபையில் இப்படிச் சொல்றாங்க, வேற சிலர் அதை வேற மாதிரி படிக்கிறாங்க, அம்மாவும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றால் போதும். "அப்பாகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர்களின் ரகசியத்தைச் சுமக்கிற குழந்தைகளை நான் நிறையப் பார்க்கிறேன். வயிற்று வலி என்றுதான் அவர்களைக் கூட்டி வருவார்கள்.

கடைசியாக, உங்கள் தூக்கம். பத்து மணிக்கு மேல் அந்த வீடியோக்கள் வேண்டாம். வெளியேறியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எதைப் பார்த்தாலும் உலகமே இடிந்து விழுவது மாதிரிதான் தெரியும். வேண்டுமானால் சனிக்கிழமை பகலில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். எது உங்கள் கேள்வி, எது அவர்கள் கோபம் என்று பிரித்து எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், படபடப்பும் அழுகையும் தொடர்ந்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். மலை இறங்க முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ரத்த சோகையாலும் படபடப்பு வரும்.